நாலு பொட்டலம் பொடி: கல்லுக்கு மெருகேற்றும் கலையின் கதை

கூழாங்கல்லுக்கு மெருகேற்றுவதை ஒரு பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கென்று விற்கிற சாதனப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பெரிய அதிசயம் எதுவும் இருக்காது. ஒரு சின்ன மோட்டார், அது சுழற்றும் இரண்டு தண்டுகள், அந்தத் தண்டுகள் மேல் படுத்தபடி உருளும் ஒரு ரப்பர் டப்பா, நாலு பொட்டலம் பொடி. அவ்வளவுதான். டப்பாவில் கல், தண்ணீர், முதல் பொட்டலப் பொடி போட்டு மூடி ஒரு வாரம் உருளவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழுவிவிட்டு இரண்டாவது பொட்டலம், இன்னொரு வாரம். இப்படி நாலு வாரம் போனால் ஆற்றங்கரையில் பொறுக்கிய கல் கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எத்தனை வாட், எவ்வளவு சத்தம், டப்பா எத்தனை கிலோ தாங்கும் என்று. ஆனால் கொஞ்சம் வரலாறு தேடிப் போனால் மோட்டார் இங்கே துணை நடிகர்தான் என்று தெரிகிறது. கதாநாயகன் அந்தப் பொடி. கல்லை அறுப்பது, துளையிடுவது, தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாமே பொடியின் வேலை. அந்தப் பொடியின் வரலாற்றில் நம்மூர் மண்ணும் தமிழ்ச் சொல்லும் எங்கெல்லாம் வருகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை. 1812-ல் ஜெர்மன் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் கனிமங்களை எது எதைக் கீறும் என்ற வரிசையில் 1 முதல் 10 வரை அடுக்கினார். மாக்கல் 1, குவார்ட்ஸ் (நாம் படிகம் என்பது) 7, குருந்தம் 9, வைரம் 10. கூழாங்கல், அகேட், சூதுபவளம், செவ்வந்திக்கல் எல்லாம் குவார்ட்ஸ் குடும்பம்தான், அதாவது கிட்டத்தட்ட 7. நல்ல எஃகுக் கத்தியே 6-ஐத் தாண்டத் திணறும். ஆகவே இந்தக் கல்லை உலோகம் வெட்டாது. அதைவிடக் கெட்டியான ஒரு பொடி வேண்டும். உலோகமோ மரமோ தோலோ, அந்தப் பொடியைப் பிடித்துக்கொள்ளும் கை மட்டுமே.

மெருகேற்றுதல் என்பது கீறல்களை அழிப்பது இல்லை, பெரிய கீறலைச் சின்னக் கீறலால் மாற்றுவது. கரடுமுரடான பொடி கல்லில் ஆழமான கீறல் போடும். அடுத்த பொடி அதை அழித்துவிட்டுச் சின்னக் கீறல் போடும். கீறல்கள் ஒளியின் அலைநீளத்துக்கும் கீழே போகும்போது நம் கண்ணுக்குப் பளபளப்பு தெரிகிறது. எங்கள் துறையில் சொல்வதானால் இது ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் பொடியின் அளவு மட்டும் குறையும். இந்த அல்காரிதம் எவ்வளவு பழசு என்பதுதான் ஆச்சரியம்.

குஜராத்தில் காம்பே வளைகுடாவின் தலைப்பகுதியில் இருக்கும் காம்பத் ஊர், அகேட் மணிகளுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் போனது. நர்மதைக்குத் தெற்கே ரத்தன்பூர் பக்கம் தோண்டியெடுத்த அகேட் கற்களை வெயிலில் காயவைத்து, பானையில் வைத்து எருச்சூட்டில் வாட்டுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சேர்மம் சூட்டில் மாறி நிறம் சிவப்பாகும், அதுதான் சூதுபவளம். பிறகு தரையில் நட்ட இரும்புக் கூர் மேல் கல்லை வைத்து, எருமைக்கொம்புச் சுத்தியால் லேசாகத் தட்டிச் செதுக்குவார்கள். கடைசியில் மெருகு. 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் அது விவரமாக இருக்கிறது. மணிகளை ஒரு நீளமான தோல் பைக்குள் போட்டு, குருந்தப்பொடி வகையும் நுண்ணிய அகேட் தூளும் தண்ணீரும் சேர்த்து வாயைக் கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பையை 10 முதல் 15 நாள் வரைக்கும் இங்கும் அங்குமாக உருட்டுவார்கள். நடுநடுவே தண்ணீர் விடுவார்கள்.

பாருங்க, இது அப்படியே நம் பெட்டியில் இருக்கும் ரப்பர் டப்பாதான். இரண்டு ஆளுக்குப் பதில் ஒரு மோட்டார். நாட்கணக்குகூட அதிகம் மாறவில்லை.

இன்னும் பின்னால் போனால் நம்மூரே வந்துவிடும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் பல கட்டமாக அகழாய்வு நடந்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்காகப் பேசப்படும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கே கிடைத்தவை முழு மணிகள் மட்டும் இல்லை. கல் கட்டி, உடைத்த சில்லு, பாதி செதுக்கியது, தேய்த்து முடித்துத் துளையிடாமல் விட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன பொருட்கள் கிடைத்தன. அதாவது மணிகள் வெளியூரிலிருந்து வாங்கி வரப்படவில்லை, அங்கேயே பட்டறை இருந்தது. படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், பெரில், நீலக்கல் எனப் பல வகை. பெரில் பக்கத்துப் படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். நீலக்கல் என்பது வேதியியல்படி நிறமேறிய குருந்தம். சிவன்மலை வட்டாரப் பாறையில் நிறமில்லாத சாதாரணக் குருந்தமும் உண்டு. கடினம் 7, 8 என்றிருக்கும் படிகத்தையும் பெரிலையும் தேய்க்க 9 உள்ள ஒரு பொடி தேவை, அது நடந்துபோகிற தூரத்தில் கிடக்கிறது. கொடுமணல் கைவினைஞர்கள் எந்தப் பொடியைப் பயன்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு என் ஊகம் இதுதான்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கில அகராதிகள் கொரண்டம் என்ற சொல்லுக்கு மூலமாகத் தமிழின் குருந்தத்தைத்தான் காட்டுகின்றன. சமஸ்கிருதத்தில் அது குருவிந்தம். நம் ரத்தின மரபில் குருவிந்தம் என்பது மாணிக்க வகைகளில் ஒன்றுக்கும் பெயர். ஒரே சொல் விலைமதிப்புள்ள கல்லுக்கும் வரும், சாணைக்கு இடிக்கிற கல்லுக்கும் வரும்.

ஐரோப்பாவுக்கு இந்தச் சொல் போன வழி சுவாரஸ்யமானது. 1728-ல் இறந்த ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் தன் சேகரிப்பிலிருந்த வெளிநாட்டுக் கற்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் சென்னைப் பக்கத்திலிருந்து போன இரண்டு கற்களின் பெயர்கள் ‘நெல்ல கொரிவிண்டம்’, ‘தெல்ல கொன்விண்டம்’ என்கிற மாதிரி பதிவாகியிருக்கின்றன. முதல் வகை நெல் விளையும் வயல்களில் கிடைக்கிறது, வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுகின்றன, இரும்பைத் தேய்த்து மெருகேற்றப் பயன்படுகிறது என்று குறிப்பு சொல்கிறது. வயல் என்று பார்த்ததும் தமிழ்க் கண்ணுக்கு ‘நெல்லுக் குருவிந்தம்’ என்று படத் தோன்றும். ஆனால் அடுத்த பெயரையும் சேர்த்துப் பாருங்கள். தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கருங்குருவிந்தம், வெண்குருவிந்தம் என்று ஒரு ஜோடி கிடைத்துவிடுகிறது. அந்தக் கல்லைக் கொடுத்தவர் தெலுங்கு பேசுகிறவராக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து 1760-களின் பிற்பகுதி. மதராஸிலிருந்த டாக்டர் ஆண்டர்சன், எடின்பரோவில் கல்லில் முத்திரை செதுக்கும் வில்லியம் பெரிக்கு ஒரு பெட்டி நிறைய இந்தக் கல்லை அனுப்புகிறார். வைரத்தைத் தவிர மற்ற எல்லாக் கற்களையும் இந்த ஊர்க்காரர்கள் இதைக்கொண்டுதான் மெருகேற்றுகிறார்கள் என்று தகவலும் சேர்த்து அனுப்புகிறார். இந்த விவரங்களையெல்லாம் தொகுத்து, ஆசியாவிலிருந்து வந்த கொரண்டம் கல் பற்றி 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை எழுதியவர் சார்லஸ் கிரெவில். 1802-ல் பூர்னோன் என்ற பிரெஞ்சுப் பிரபு, படிக அமைப்பை வைத்து, மாணிக்கம், நீலக்கல், இந்தக் கொரண்டம் மூன்றும் ஒரே கனிமம்தான் என்று விளக்கினார். குருவிந்தம் என்ற ஒரே பெயரில் நம் ஆட்கள் இரண்டையும் வைத்திருந்தது தற்செயலா, தேய்த்துத் தேய்த்துக் கைக்குத் தெரிந்த அறிவா? எனக்கு இரண்டாவதைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் சான்று இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது.

இந்தியத் துணைக்கண்டத்தில் குருந்தத்தைப் பயன்படுத்திய முறையும் தனித்துவமானது. குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்த்துச் சக்கரமாக்குவார்கள். அச்சில் கயிற்றைச் சுற்றி வில்லால் இழுத்தால் சக்கரம் முன்னும் பின்னும் சுழலும். ஒரு கை வில்லை இழுக்க, மறு கை கல்லைப் பிடிக்கும். சக்கரம் தேய்ந்துபோனால் தூக்கிப்போட வேண்டாம், உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம். இலங்கையில் இரத்தினபுரி, பேருவளைப் பக்கம் வில்லால் இழுக்கும் பட்டறைகள் 20-ஆம் நூற்றாண்டிலும் நடந்தன. பேருவளையில் இரத்தினக்கல் வியாபாரத்தில் பேர்போனவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள்.

தெருவில் கத்தி சாணை பிடிக்க வருகிறவரின் சக்கரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்த அரக்கு இன்றைய பொழுதுபோக்குக்காரரின் மேசையிலும் இருக்கிறது. சின்னக் கல்லை விரலால் பிடித்துத் தேய்க்க முடியாது என்பதால் ஒரு குச்சி முனையில் மெழுகு வைத்து ஒட்டிக்கொள்வார்கள். அந்த மெழுகில் முக்கியமான சேர்மானம் அரக்கு.

சரி, நம் பெட்டியில் இருக்கும் முதல் மூன்று பொட்டலங்கள் குருந்தமா? இல்லை. அது சிலிகான் கார்பைடு. 1891-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் ஒரு இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து போட்டு, கார்பன் கம்பி வழியாக மின்சாரம் பாய்ச்சினார். கம்பி முனையில் மின்னும் சின்னப் படிகங்கள் ஒட்டியிருந்தன, கண்ணாடியைச் சுலபமாகக் கீறின. களிமண்ணில் அலுமினியம் உண்டு. ஆகவே கார்பனும் குருந்தமும் சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்து இரண்டு பெயரையும் ஒட்டி ‘கார்போரண்டம்’ என்று வைத்தார். உண்மையில் அது களிமண்ணிலிருந்த சிலிகானும் கார்பனும் சேர்ந்தது, குருந்தம் துளிகூட இல்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது. மோஸ் வரிசையில் இதன் கடினம் 9-க்கும் 10-க்கும் இடையில்.

அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? ரத்தினம் மெருகேற்றுபவர்கள். ஆரம்பத்தில் இந்தப் பொடியே கேரட் கணக்கில்தான் விற்றது. 1895-ல் நயாகரா அருவியின் மலிவான மின்சாரத்தை நம்பி அங்கே ஆலை போட்ட பிறகு விலை சரிந்தது. வெட்டியெடுத்த குருந்தத்துக்கு வந்த வினை அது. 1898-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை பொருளாதார நிலவியல் பற்றிய தன் கையேட்டின் முதல் பகுதியைக் குருந்தத்துக்கென்றே வெளியிட்டது, எழுதியவர் ஹாலண்ட். அப்போதே போட்டி தொடங்கியாகிவிட்டது. பிறகு 1954-ல் முருகப்பா குழுமம், அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை. இங்கிருந்து கிளம்பிய சொல் எடின்பரோ, லண்டன், நயாகரா எல்லாம் சுற்றிவிட்டு ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகையாகத் திரும்பி வந்தது.

பொட்டலங்களின் மேல் 80, 220, 600 மாதிரி எண்கள் இருக்கும். அடிப்படையில் அது சல்லடைக் கணக்கு, ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண் என்பது. எண் கூடக்கூடப் பொடி நைசாகும். 80 என்றால் துகள் சுமார் 0.2 மில்லிமீட்டர், 220 சுமார் 0.06, 600 சுமார் 0.01. அவ்வளவு நைசான பொடியைச் சல்லடையால் பிரிக்க முடியாது. தண்ணீரில் கலக்கிவிட்டால் பெரிய துகள் முதலில் அடியில் தங்கும், சின்னது மிதந்துகொண்டே இருக்கும், மேல்தண்ணீரை வடித்து அடுத்த பாத்திரத்தில் தங்கவிட வேண்டும். மின்சாரமும் கருவியும் இல்லாத காலத்திலேயே பட்டறைகள் இதைச் செய்தன. இதில் சுத்தம் ரொம்ப முக்கியம். 600-க்குள் ஒரே ஒரு 80 துகள் கலந்தாலும் ஒரு வார வேலை போச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கல்லையும் டப்பாவையும் விழுந்து விழுந்து கழுவச் சொல்வது இதனால்தான்.

பொடி மலிவானபோதுதான் இது பொழுதுபோக்காக மாறியது. 1930-களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காரில் போய்ப் பாலைவனத்தில் கல் பொறுக்குகிற பழக்கம் பரவியது. 1935-ல் ஹாரி ஹோவர்ட் அமெச்சூர்களுக்கென்றே ஒரு கைநூல் வெளியிட்டார். 1947-ல் கலிபோர்னியாவில் லாபிடரி ஜர்னல் தொடங்கியது. பழைய வாஷிங் மெஷின் மோட்டார், பட்டறையில் செய்த அச்சு, கடையில் வாங்கிய கார்போரண்டம் சக்கரம் என்று வீட்டுக் கொட்டகையிலேயே எல்லாம் நடந்தது. கல்லை அறுக்க, சுழலும் தகட்டைப் பொடிச்சேற்றில் முக்கி ஓட்டுவார்கள். 1955-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் செயற்கை வைரத்தை அறிவித்த பிறகு வைரத்தூள் பதித்த அறுப்புத் தகடும் மெல்ல மெல்ல சாமானியன் கைக்கு வந்தது.

நாலாவது பொட்டலம் மெருகுப்பொடி. சில பெட்டிகளில் அது அலுமினியம் ஆக்சைடு, அதாவது ஆலையில் செய்த குருந்தமேதான். சிலவற்றில் சீரியம் ஆக்சைடு. இது குவார்ட்ஸைவிடக் கெட்டியே இல்லை, ஆனாலும் அதை மெருகேற்றும். கீறுவதோடு நிற்காமல் தண்ணீருடன் சேர்ந்து கல்லின் மேற்பரப்பில் வேதிவினையும் செய்வதால் அது சாத்தியமாகிறது. சீரியத்துக்கு ஒரு முக்கிய மூலம் மோனசைட் மணல். 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதன் தடம் பிடித்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டியிருந்தது விளக்கு மேண்டிலுக்கான தோரியம். கூடவே வந்த சீரியம் பின்னாளில் கண்ணாடிக்கும் கல்லுக்கும் மெருகுப்பொடியானது.

இதுவரை சொன்னது பொடி செய்த நல்லது. கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது.

ஜெர்மனியில் ஈடார்-ஓபர்ஸ்டைன் என்று ஒரு ஊர். அகேட் தேய்ப்பதில் ஐரோப்பாவின் காம்பத் என்று சொல்லலாம். அங்கே ஓடைத் தண்ணீரில் சுழலும் ஆளுயர மணற்பாறைச் சக்கரங்கள். மணற்பாறையும் குவார்ட்ஸ்தான், அகேட்டும் குவார்ட்ஸ்தான். 7-ஐ 7-ஆல் தேய்ப்பதற்கு அசுர பலம் வேண்டும். அதனால் தொழிலாளிகள் ஒரு மரப்பலகை மேல் குப்புறப் படுத்து, பின்னாலிருக்கும் கட்டையில் காலை உதைத்து, முழு உடம்பையும் முட்டுக்கொடுத்துக் கல்லை அழுத்துவார்கள். ஈரம், குளிர், மூக்குக்கு நேரே சக்கரம். நுரையீரல் நோய் அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட விதியாக இருந்தது.

காம்பத்தில் அது இன்றைய பிரச்சினை. மின்மோட்டாரில் சாணைச் சக்கரம் வந்தபின் வேலை வேகமானது, தூசியும் கூடியது. தேய்ப்பது வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடப்பதால் வேலை செய்யாத குடும்பத்தாரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே ஆய்வுகள் செய்து சிலிகோசிஸ் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. 0.01 மில்லிமீட்டருக்கும் சிறிய குவார்ட்ஸ் துகள் நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்புதான் வளரும். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது.

பழைய தோல் பைக்குள் தண்ணீர் இருந்தது, நம் ரப்பர் டப்பாவுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. பொடி தண்ணீருக்குள் இருக்கும்வரை அது கருவி. காற்றில் பறந்தால் விஷம். ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்கள் மோட்டாரின் வாட்டை விசாரிப்பதற்கு முன்னால் இதை மனதில் வையுங்கள். டைல்ஸ் அறுக்கிற கைமெஷினால் கல்லை உலர்வாக அறுக்காதீர்கள், தண்ணீர் சொட்டவிட்டு அறுங்கள். கீழே சிந்திய கல்சேறு காய்வதற்கு முன்னால் துடைத்துவிடுங்கள், காய்ந்தபின் பெருக்கினால் அதுவே தூசி. அதைச் சிங்க்கிலும் ஊற்ற வேண்டாம், குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். துணி மாஸ்க் போதாது, என்95 வகை வேண்டும்.

இணையத்தில் விற்கும் மலிவான அகேட் மணிமாலையைப் பார்க்கும்போதும் அது உலர்வாகத் தேய்த்த மணியா, ஈரமாகத் தேய்த்த மணியா என்ற கேள்வியைக் கேட்டுப் பழகுவோம். விற்பவருக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனால் கேட்கிற ஆள் கூடினால் பதில் தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் வரும்.